மலையடிவாரத்து மர்மப் படக்கூடம்: டி.ஆர். சுந்தரம் வாழ்வும் பணியும்

தோற்றுவாய்

கல்வராயன், சேர்வராயன் என்னும் இரு மலைகளும் பெயரால் உடன்பிறந்தவை போல ஒலிப்பவை. இருப்பாலும் அண்டை வீட்டார். வெள்ளிமலையிலிருந்து மேற்கே கருமந்துறை வழியாக இறங்கி வாழப்பாடியைக் கடந்தால் சேலம் வந்துவிடும். சேலத்தின் வடபுறத்தில், சேர்வராயன் மலைமேல் அமைந்த ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையின் ஓரத்தில் ஒரு நுழைவு வளைவு நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த படப்பிடிப்புத் தளங்கள் இல்லை. ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. படச்சுருள் கழுவும் ஆய்வுக்கூடம் இல்லை. வளைவு மட்டும் எஞ்சியுள்ளது. அதில் பொறிக்கப்பட்டிருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பெயர், ஒரு காலத்தில் சென்னைக்கு வெளியே இயங்கிய மிகப் பெரிய தமிழ்த் திரைப்பட நிறுவனத்தின் பெயர்.

அந்நிறுவனத்தை நிறுவியவர் டி.ஆர். சுந்தரம். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மூன்று செய்திகளோடு நிறுத்திக்கொள்வர். மலையாளத்தின் முதல் பேசும்படத்தைத் தயாரித்தவர் என்பது ஒன்று. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை எடுத்தவர் என்பது மற்றொன்று. கண்டிப்பு மிக்க முதலாளி என்பது மூன்றாவது. இம்மூன்றும் உண்மையே. எனினும் அவருடைய வாழ்வில் இன்னொரு முகமும் உண்டு. குறைந்த செலவில், கறுப்பு வெள்ளையில், கொலையும் மர்மமும் மாறுவேடமும் நிறைந்த கதைகளைத் தமிழர்க்குத் திரையில் சொல்லிய முகம் அது. இலக்கிய உலகம் நெடுங்காலம் ஏறிட்டுப் பாராத முகமும் அதுவே. அம்முகத்தை முன்வைத்து அவர் வாழ்வை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் 1907-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த செங்குந்தர் குடும்பம் நூல் வணிகத்தில் செழித்த குடும்பம். தறியும் நூலும் பாவும் ஊடுமாக வாழ்ந்த கொங்குச் சீமையில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நெசவுத் தொழிலின் நவீன நுட்பத்தைக் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் விழைந்தது இயல்பே. சென்னையில் பட்டப்படிப்பை முடித்த சுந்தரம், ஆடைத் தொழில்நுட்பம் பயில இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே கிளாடிஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்து தாயகம் திரும்பினார்.

அவர் அயல்நாட்டில் பயின்ற காலமும், உலகத் திரைப்படம் ஊமை நிலையிலிருந்து பேசும் நிலைக்கு மாறிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. 1929-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய பிளாக்மெயில் வெளிவந்தது. அந்நாட்டின் தொடக்ககாலப் பேசும்படங்களுள் புகழ்பெற்ற அப்படம் ஒரு கொலையைக் கருவாகக் கொண்டது. திரைக்குப் பேச்சு வந்தவுடன் கொலைக் கதைக்கு அங்கே புதிய வாழ்வு வந்தது. கதவு கிறீச்சிடும் ஓசை, காலடிச் சத்தம், இருளில் எழும் அலறல், வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை ஆகிய அனைத்தும் ஒலி இருந்தால்தான் முழுப்பயன் தருவன.

திரைத்துறைக்கு வருகை

ஊர் திரும்பிய சுந்தரத்தை நூல் வணிகம் நெடுநாள் கட்டிவைக்கவில்லை. சேலத்தில் எஸ்.எஸ். வேலாயுதம் பிள்ளை நடத்திய ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் அவர் பங்காளியானார். திரௌபதி வஸ்திராபகரணம் (1934), துருவன் (1935), நல்லதங்காள் (1935) முதலிய படங்கள் அந்நிறுவனத்தின் வழி வந்தன. அந்நாளில் தமிழ்ப்படம் எடுப்போர் கல்கத்தாவிற்கோ பம்பாய்க்கோ செல்ல வேண்டியிருந்தது. நடிகர், பாடகர், பக்கவாத்தியக்காரர், சமையற்காரர் என ஒரு சிற்றூரையே இரயிலில் ஏற்றிக்கொண்டு போய், மொழி தெரியாத தொழிற்கலைஞர் நடுவே படமெடுத்துத் திரும்புவர். வாடகையும் பயணச் செலவும் தங்கும் செலவும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

நூற்பாலையின் கணக்கை அறிந்த சுந்தரத்திற்கு இவ்வேற்பாட்டின் பழுது விளங்கியது. பருத்தி ஓரிடம், நூற்பு ஓரிடம், நெசவு ஓரிடம், சாயம் ஓரிடம் என்றிருந்தால் துணியின் விலை ஏறும். எல்லாம் ஒரு கூரையின்கீழ் அமைந்தால் விலை இறங்கும். திரைப்படத்திற்கும் இது பொருந்தும் என்று அவர் துணிந்தார். அத்துணிவின் விளைவே 1935-ஆம் ஆண்டு சேலத்தில் தோன்றிய மாடர்ன் தியேட்டர்ஸ். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, ஆய்வுக்கூடம், படத்தொகுப்பு, கலைஞர் தங்குமிடம் ஆகிய அனைத்தும் மலையடிவாரத்து ஒரே வளாகத்தில் அமைந்தன. நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்டனர்.

நிறுவனத்தின் முதல் படமாக 1937-இல் சதி அகல்யா வெளிவந்தது. இலங்கையைச் சேர்ந்த கே. தவமணி தேவி அதில் அகலிகையாக நடித்தார். அடுத்த ஆண்டு, 1938-இல், மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் இங்கு உருவாயிற்று. எஸ். நொட்டானி இயக்கிய அப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஜெர்மானியர். ஒரு மொழியின் பேசும்பட வரலாறு இன்னொரு மொழியின் மாவட்டத் தலைநகரில் தொடங்கியது என்பது எண்ணத்தக்கது.

மர்மக் கதையும் குறைந்த செலவும்

பாலன் வெளிவந்த அதே 1938-ஆம் ஆண்டில் சுந்தரம் மாயமாயவன் என்னும் படத்தையும் தந்தார். புராணக் கதைகளே பெரிதும் திரையை ஆண்ட நாளில், குற்றமும் மர்மமும் சண்டையும் கலந்த சமகாலக் கதையை அவர் நாடியது துணிச்சலான செயலாகும்.

அத்துணிச்சலுக்குக் களம் அமைத்துத் தந்தவர்கள் நாவலாசிரியர்களே. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் துப்பறியும் நாவல்களால் பெருந்திரளான வாசகரை உருவாக்கியிருந்தனர். ரங்கராஜுவின் இராஜாம்பாள் 1935-இலும் சந்திரகாந்தா 1936-இலும் திரைப்படங்களாயின. வடுவூராரின் மேனகா 1935-இல் திரைக்கு வந்தது. புலவர்கள் இந்நாவல்களை இலக்கியமாக ஏற்கவில்லை. ஆயினும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த கடைக்காரரும், திண்ணையில் ஒருவர் படிக்கச் சுற்றியிருந்து கேட்ட பெண்டிரும் அவற்றை ஏற்றனர். அச்செவிகளே பின்னர்க் கொட்டகைக்கு வந்தன.

துப்பறிதல் தமிழுக்கு முற்றிலும் புதியதென்றும் கூறவியலாது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் ஒரு வழக்கு விசாரணையே. திருட்டு நிகழ்கிறது, உண்மைக் கள்வன் பழியை வேறொருவன்மேல் ஏற்றுகிறான், ஆராயாமல் தண்டனை நிறைவேறுகிறது, பின்னர் ஒரு பெண் அவைக்கு வந்து, சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் ஒரே தடயத்தால் உண்மையை நிறுவுகிறாள். வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, ஒற்றர் துறவிக் கோலம் பூண்டு செல்வதையும் அதில் குறிக்கிறார். எனவே மர்மக் கதையின் உடை மேனாட்டினது ஆயினும், அதைக் கண்டு வியந்த மனம் இம்மண்ணில் பண்பட்டதே எனலாம்.

மர்மக் கதைக்கும் குறைந்த செலவுக்கும் உள்ள உறவு உலகெங்கும் ஒன்றே. புராணப் படத்திற்குத் தேவலோகம் வேண்டும். அரசர் கதைக்கு அரண்மனையும் படையும் வேண்டும். கொலைக் கதைக்கோ ஓர் அறையும், ஒரு மாடிப்படியும், அணைந்து எரியும் ஒரு விளக்கும் போதும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிழல் இலவசமாகக் கிடைக்கும் அலங்காரம். பின்னணிச் சுவர் வெறும் துணியாக இருந்தாலும் இருள் அதை மறைத்துவிடும். அமெரிக்காவில் மோனோகிராம் போன்ற சிறு நிறுவனங்கள் இரட்டைக் காட்சியின் இரண்டாம் படமாக இத்தகைய மர்மப் படங்களை ஒரு மணி நேர அளவில் எடுத்துத் தள்ளின. இங்கிலாந்தில் 1927-ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டுப் படங்களுக்குக் கட்டாய இடம் ஒதுக்கியபோது, விரைந்தும் மலிந்தும் எடுக்கப்பட்ட படங்களுள் குற்றக் கதைகள் மிகுதி. சேலத்தில் சுந்தரம் செய்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்த கதை, இங்கே பாட்டும் கூத்தும் நகைச்சுவையும் சேர்ந்து இரண்டரை மணிக்கு மேல் நீள வேண்டியிருந்தது. சுருங்கச் சொல்லி இறுகக் கட்ட வேண்டிய மர்மத்தை இவ்வளவு நீளத்தில் தளராமல் நிறுத்துவது எளிய வேலையன்று.

இப்படங்களைக் கண்டோர் பெரும்பாலும் சிற்றூரார். கூடாரக் கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்து பார்த்தவர்கள். ஒரே படப்பொறி உள்ள கொட்டகையில் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. கொலையாளியின் நிழல் சுவரில் விழும் நேரத்தில் விளக்கு எரியும். முறுக்கும் சோடாவும் வலம்வரும். கொலை செய்தவர் யார் என்று கொட்டகை முழுதும் வழக்காடும். மேனாட்டார் தடையென எண்ணும் இடைவேளை, இங்கே மர்மத்தின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. மலையை ஒட்டிய ஊர்களில் திரைப்படம் என்பது இவ்வாறு கூட்டமாக அமர்ந்து தீர்த்த புதிராகவே நெடுங்காலம் விளங்கியது.

போர்க்காலம்

1940-இல் வெளிவந்த உத்தமபுத்திரன் சுந்தரத்தின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது. பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய இப்படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். ஒரே முகம், இரு மனிதர் என்னும் கரு மர்மக் கதையின் உறவே ஆகும். 1942-இல் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் நாடகத்தைத் தழுவி மனோன்மணி வந்தது. பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட படம் அது. குறைந்த செலவுப் படங்கள் சேர்த்த பணம் இத்தகைய முயற்சிகளுக்குத் துணைநின்றது என்று கருத இடமுண்டு.

இரண்டாம் உலகப்போர் திரைத்துறையை நெருக்கியது. கச்சாப்படச் சுருள் அயல்நாட்டிலிருந்தே வரவேண்டும். கப்பல்களோ போருக்குச் சென்றுவிட்டன. இந்திய அரசு ஒரு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் அடக்க ஆணையிட்டது; சுருள் வழங்குவதையும் உரிமத்திற்கு உட்படுத்தியது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்குமாறு தயாரிப்பாளரை ஊக்கியது, வற்புறுத்தவும் செய்தது. அச்சூழலில் சுந்தரம் 1945-இல் பர்மா ராணி என்னும் படத்தை எடுத்தார். ஒற்றும் மறைவேடமும் நிறைந்த அப்படத்தில் ஜப்பானியப் படை அதிகாரியாக, எதிர்நாயகனாக, அவரே நடித்தார். பர்மாவில் சுபாசு சந்திர போசின் படையில் தமிழர் பலர் பணியாற்றிய காலம் அது. ஆதலால் ஆங்கில அரசுக்குச் சார்பான இப்படத்தை வரலாறு இருமனத்தோடுதான் நோக்கும். தொழிலைக் காப்பதா, நாட்டு உணர்வோடு நிற்பதா என்னும் கேள்வி அந்நாளைய தயாரிப்பாளர் பலர் முன்னும் நின்றது. சுந்தரம் தொழிலைக் காத்தார். அதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது முறையாகாது.

1947-இல் ஆயிரம் தலை வாங்கிய அபூர்வ சிந்தாமணி வெளிவந்து பெருவெற்றி பெற்றது. கேள்விக்கு விடை தராத ஆடவரின் தலையைக் கொய்யும் பெண்ணின் கதை அது. நாட்டுப்புறத்தார் நன்கறிந்த கதை. ஏன் கொல்கிறாள் என்னும் புதிரே அதன் உயிர். பாட்டி சொன்ன கதைக்கும் துப்பறியும் கதைக்கும் இடையிலுள்ள தொலைவு பலர் எண்ணுவதினும் குறைவு என்பதை அவ்வெற்றி காட்டியது.

திகம்பர சாமியார்

சுந்தரத்தின் மர்மப் படங்களுள் முதன்மையானது 1950-இல் அவரே இயக்கிய திகம்பர சாமியார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலே இதன் மூலம். முதலில் காளி என். இரத்தினத்தைத் தலைமை வேடத்தில் வைத்துச் சில காட்சிகள் எடுக்கப்பட்டன. அவை நிறைவு தராமையால் கைவிடப்பட்டு, எம்.என். நம்பியார் அவ்வேடத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓர் அடிச் சுருளையும் வீணாக்க விரும்பாதவர் என்று பெயர்பெற்ற முதலாளி, எடுத்த காட்சிகளைத் தாமே தள்ளிவிட்டது கருதத்தக்கது. சிக்கனம் அவருக்கு வழியாக இருந்ததேயன்றி முடிவாக இருந்ததில்லை.

நவாப் இராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் வளர்ந்த நம்பியார், இப்படத்தில் பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடங்களில் தோன்றினார். பின்னாளில் தமிழ்த்திரையின் கொடியவராக நிலைத்த ஒருவர், கொடியவரைக் கண்டுபிடிக்கும் நாயகராக விளங்கிய அரிய படம் இது. எம்.ஜி. சக்கரபாணி தீய வழக்கறிஞராக நடித்தார். சட்டம் அறிந்தவனே சட்டத்தை ஏமாற்றுகிறான். அவனிடமிருந்து உண்மையை வெளிக்கொணரச் சாமியார் அடியையோ உதையையோ நாடவில்லை. அவனை உறங்கவிடாமல் செய்கிறார். பாட்டும் ஆட்டமும் இடைவிடாது நடக்கின்றன. கண் சொருகும்போதெல்லாம் தாளம் எழுப்புகிறது. இறுதியில் உறக்கத்திற்காக உண்மையைக் கக்குகிறான்.

இக்காட்சியின் சிறப்பைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். தமிழ் மர்மப் படங்களின் மீது வைக்கப்படும் பெருங்குறை, பாட்டும் நடனமும் கதையைத் தடுக்கின்றன என்பது. 1954-இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய அந்த நாள், பாட்டே இல்லாமல் ஒரு கொலை விசாரணையைச் சொல்லி அக்குறையைத் தீர்த்தது. அது தமிழ்த்திரைக்குப் பெருமை. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சுந்தரம் அதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டிருந்தார். பாட்டை நீக்காமல், பாட்டையே விசாரணைக் கருவியாக்கினார். கொட்டகை கேட்ட நடனத்தையும் கதை கேட்ட வாக்குமூலத்தையும் ஒரே காட்சியில் தந்தார். முன்னது கலைஞரின் தீர்வு என்றால், பின்னது மக்களை அறிந்த தொழிலாளியின் தீர்வு. இரண்டிற்கும் இடமுண்டு.

இழந்த காப்பியங்களும் மலையுச்சியும்

ஐம்பெருங்காப்பியங்களுள் இரண்டு முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். குண்டலகேசியும் வளையாபதியும் சிற்சில பாடல்களாகவே எஞ்சின. வியப்பு யாதெனில், கிடைக்காத அவ்விரு காப்பியங்களையும் திரைக்குக் கொண்டுவந்தது ஒரே நிறுவனம். சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ்.

1950-இல் வெளிவந்த மந்திரி குமாரி, மு. கருணாநிதி குண்டலகேசிக் கதையைத் தழுவி எழுதிய நாடகத்தின் திரைவடிவம். எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கினர், எம்.ஜி.ஆர். நாயகராக நடித்தார். ஆயினும் படத்தின் உச்சம் நாயகருக்கு உரியதன்று. கள்வனாகிய கணவன் தன்னைக் கொல்லவே மலையுச்சிக்கு அழைத்து வந்தான் என்பதை உணர்ந்த மனைவி, இறுதி விருப்பமாக அவனை வலம்வந்து, பின்னின்று தள்ளிவிடுகிறாள். தற்காப்பும் தண்டனையும் ஒன்றாகும் அக்கணம், பழங்காப்பியம் தந்த கொலைக் காட்சி. ஆசை மொழியும் கொலைத் திட்டமும் ஒரே பாட்டில் ஏறிச்செல்லும் அம்மலைப் பாதையைத் தமிழ் மக்கள் மறக்கவில்லை. மலையடிவாரத்து நிறுவனத்திற்கு மலையே பெயர்வாங்கித் தந்தது எனலாம்.

வளையாபதி 1952-இல் வந்தது. அதற்கு உரையாடல் எழுதியவர் பாவேந்தர் பாரதிதாசன். அவருடைய எதிர்பாராத முத்தம் முன்னரே 1950-இல் பொன்முடி என்னும் பெயரில் இந்நிறுவனத்தின் படமாகியிருந்தது.

கவிஞர்களும் கடிகாரமும்

சேலத்து வளாகம் கவிஞர்களின் கூடமாகவும் விளங்கியது. கவி கா.மு. ஷெரீப் அங்குப் பணியாற்றினார். கருணாநிதி அந்நிறுவனத்தில் சேர அவரே வழிகாட்டினார் என்பர். அ. மருதகாசி 1949-இல் மாயாவதி படத்தின் வழியாகத் திரைப்பாடலாசிரியரானார். கண்ணதாசன் நிறுவனத்தின் சார்பில் வந்த சண்டமாருதம் இதழின் ஆசிரியராக இருந்தார். 1954-இல் வந்த இல்லற ஜோதிக்கு உரையாடல் எழுதியவரும் அவரே. 1953-ஆம் ஆண்டுக் கல்லக்குடிப் போராட்டத்தில் அவர் சிறைப்பட்டமையால், அப்படத்தில் இடம்பெற்ற அனார்கலி நாடகப் பகுதியைக் கருணாநிதி எழுதினார். சர்வாதிகாரி (1951) படத்திற்கு ஏ.வி.பி. ஆசைத்தம்பி உரையாடல் எழுதினார்.

இவர்கள் அனைவரும் மாதச் சம்பளத்தில், குறித்த நேரத்தில் வந்து, குறித்த நாளில் பாட்டையும் உரையையும் தந்தவர்கள். சுந்தரம் நேரம் தவறாதவர். பிறர் தவறுவதையும் பொறாதவர். படப்பிடிப்பு குறித்த வேளையில் தொடங்கும். குறித்த நாளில் முடியும். பெரிய நடிகரும் இளைய தொழிலாளியும் அவ்வொழுங்கிற்கு ஒருங்கே கட்டுப்பட்டனர். கால் நூற்றாண்டில் ஏறத்தாழ நூறு படங்கள் வெளிவந்தமைக்கு இக்கட்டுப்பாடே காரணம்.

ஆனால் கவிதை கடிகாரத்திற்குக் கட்டுப்படுமா என்னும் கேள்வி எழாமற் போகவில்லை. வளையாபதியில் தாம் எழுதிய உரையாடல் தம் இசைவின்றி மாற்றப்பட்டதென்று பாவேந்தர் சினந்து, நிறுவனத்தோடு கொண்ட உறவையே முறித்துக்கொண்டார் என்பது இலக்கிய வட்டாரங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. இதில் யார் பக்கம் நியாயம் என்று முடிவு கட்டுவது எளிதன்று. படக்கூடத்தின் கணக்கில் உரையாடல் என்பது காட்சிக்கேற்ப நறுக்கப்படும் துணி. கவிஞரின் கணக்கில் அது நெய்து முடித்த ஆடை. கத்தரி பட்டால் பாழ். நெசவுக் குடியில் பிறந்த சுந்தரம் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். அறிந்தும் படக்கூடத்தின் பக்கமே நின்றார். அதனால் பெருங்கவிஞர் ஒருவரின் துணையை அவருடைய நிறுவனம் இழந்தது. அவ்விழப்பை அந்நிறுவனத்தின் பேரேட்டில் செலவுப் பகுதியில்தான் எழுத வேண்டும்.

வரவுப் பகுதியிலும் எழுத வேண்டியது உண்டு. மாதம் தவறாத சம்பளம் என்பது அந்நாளில் எழுதுகோலை நம்பி வாழ்ந்தோர்க்குக் கிடைத்தற்கரிய பேறு. புரவலர் மறைந்து, பதிப்பாளர் தயங்கிய காலத்தில், மரபுக்கவிதையின் யாப்புப் பயிற்சியோடு வந்த இளைஞர்களுக்கு அடுப்பெரியச் செய்தது இத்தகைய படக்கூடங்களே. மெட்டுக்குச் சொல்லமைக்கும் வேகத்தை மருதகாசியும் கண்ணதாசனும் அங்கே பழகினர். குறித்த நாளுக்குள் எழுதியாக வேண்டும் என்னும் நெருக்கடி சிலரைத் தேய்த்தது, சிலரைத் தீட்டியது.

வண்ணமும் மறைவும்

1952-இல் அமெரிக்க நிறுவனத்தோடு இணைந்து காடு என்னும் படத்தைச் சுந்தரம் தயாரித்தார். 1956-இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பில் அலிபாபாவும் 40 திருடர்களும் கேவா வண்ணத்தில் வெளிவந்து, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்னும் பெயர் பெற்றது. 1961-இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான கண்டம் பெச்ச கோட்டு அவர் இயக்கத்தில் வந்தது.

வண்ணத்தைக் கொணர்ந்தவர் கறுப்பு வெள்ளையைக் கைவிடவில்லை என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. அலிபாபாவிற்குப் பின்னரும் வண்ணக்கிளி (1959), கைதி கண்ணாயிரம் (1960) போன்ற கறுப்பு வெள்ளைப் படங்களையே அந்நிறுவனம் மிகுதியாகத் தந்தது. வண்ணம் திருவிழா; கறுப்பு வெள்ளை அன்றாடச் சோறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரே நெடுநாள் தொழில் நடத்த முடியும்.

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், தம் 56-ஆம் வயதில், சுந்தரம் மறைந்தார். அவருக்குப் பின் மகன் இராமசுந்தரம் நிறுவனத்தை நடத்தினார். ஜெய்சங்கர் நடித்த வல்லவன் ஒருவன் (1966), சி.ஐ.டி. சங்கர் (1970) முதலிய துப்பறியும் படங்கள் தந்தை இட்ட தடத்திலேயே நடந்தவை. எனினும் திரைத்தொழில் முழுவதும் சென்னையில் குவிந்த பின், சேலத்தில் தனித்து நிற்பது அரிதாயிற்று. காலப்போக்கில் படக்கூடம் மூடப்பட்டது. வளாகம் மனைகளாகி வீடுகள் எழுந்தன.

நிறைவுரை

பாலனின் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. நிறுவனத்தின் தொடக்ககாலப் படங்கள் பலவற்றின் நிலையும் அதுவே. அந்நாளைய சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. காப்பின்றிக் கிடந்தால் பொடிந்து போவது. ஓட்டம் முடிந்த படத்திற்கு மதிப்பில்லை என்று எண்ணிய காலம் வேறு. இழந்த இரு காப்பியங்களுக்குத் திரையில் மறுவாழ்வு தந்த நிறுவனத்தின் படங்களே இழந்த காப்பியங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டன.

ஓலைச்சுவடிகளைத் தேடி ஊரூராக அலைந்து மீட்ட உ.வே. சாமிநாதையரைத் தமிழுலகம் போற்றுகிறது. அவர் காலத்திலும் இவை பழைய ஓலைகள் தாமே என்று ஆற்றில் விட்டவர்கள் இருந்தனர். மலிவான மர்மப் படம் தானே என்று சுருளைக் குப்பையில் விட்டவர்களும் அவர்களுக்கு வேறானவர் அல்லர். எது இலக்கியம், எது பொழுதுபோக்கு என்று ஒரு தலைமுறை பிரித்து வைத்ததை அடுத்த தலைமுறை மாற்றி வைக்கக்கூடும். ஆனால் மாற்றி வைப்பதற்குப் பொருள் எஞ்சியிருக்க வேண்டும். திகம்பர சாமியார் எஞ்சியது. ஆதலால் அதைப் பற்றிப் பேச முடிகிறது. மந்திரி குமாரி எஞ்சியது. ஆதலால் குண்டலகேசி ஏறிய மலையைக் காண முடிகிறது. மாயமாயவனோ பெயரளவில் நிற்கிறது.

டி.ஆர். சுந்தரம் கவிஞர் அல்லர். கவிஞர்களை வேலைக்கு வைத்தவர். தம்மைக் கலைஞர் என்று பறைசாற்றியவரும் அல்லர். படத்தைக் குறித்த நாளில் முடித்துக் கொட்டகைக்கு அனுப்பியவர். மலைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் மணலில் அமர்ந்திருந்த எளிய மக்கள், குற்றம் மறையாது என்றும், உண்மை எவ்வேடத்திலேனும் வந்து சேரும் என்றும் நம்பி வீடு திரும்ப அவர் படங்கள் உதவின. ஏற்காட்டுச் சாலை வளைவைக் கடந்து செல்வோர் ஒரு கணம் நின்று நினைக்க, அந்தத் தொண்டே போதுமானது.